இரண்டு கையும் வைத்தால்தான் ஓடும்

காலையில் ஜோஆன் கொட்டகைக்கு வந்தபோது விறகு பிளக்கும் இயந்திரத்தின் தள்ளுதண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அதிகமில்லை, ஒரு சாண். ஆனால் நேற்று மாலை டிராக்டரை அணைப்பதற்கு முன் அந்தத் தண்டை முழுக்க உருளைக்குள் இழுத்துவிட்டது அவள்தான். கேரி தீவின் காற்றில் உப்பு இருக்கிறது. வெளியே விட்டுவைத்த இரும்பு சீக்கிரம் துருப்பிடித்துவிடும். வேலை முடிந்ததும் அவள் கடைசியாகச் செய்வது அதுதான், ஒருநாளும் மறந்ததில்லை. இப்போது அந்தப் பளபளப்பான எஃகு மேலெல்லாம் நீர் கோத்துக்கொண்டு, கட்டையைப் பிளக்கும் ஆப்பை நோக்கி ஒரு சாண் வந்து நின்றது. ரப்பர் கட்டையின் புளித்த பால் வாடை, டீசல், வாய்க்காலுக்கு அப்பால் நீர் வற்றிக் கிடக்கும் அலையாத்திக் காட்டின் சேறு, எல்லாம் வழக்கம்போல் இருந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் புண்ணுக்குத் தடவுவார்களே மஞ்சள் மருந்து, அது.

வெயில் சூட்டில் எண்ணெய் விரிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். இரவு முழுக்க மழை பெய்து எல்லாம் குளிர்ந்து கிடந்ததைப் பற்றி யோசிக்கவில்லை.

இந்த விறகு பிளக்கும் இயந்திரத்தைச் செய்தவள் அவளேதான். அவள் அப்பா லெஸ்லி, எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் எஸ்டேட்டை விட்டு வந்தபின், வீட்டை ஒட்டிய இந்த இடத்தில் விறகு வியாபாரம் செய்கிறார். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளின் அடுப்புக்கும், கிள்ளான் சுடுகாட்டுக்கும் அவருடைய லோரிதான் போகும். இத்தனை வருடமும் கோடாலிதான். போன வருடம் வலது தோள் மேலே எழும்ப மறுத்தது. கோடாலியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். லெஸ்லி தலையாட்டிவிட்டு வந்து இடது கையால் வெட்டினார்.

ஜோஆன் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி, மெக்கானிக்கல். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அங்கே கை உள்ளே போனால் அச்சு இயந்திரத்தை நிறுத்துகிற கண்ணாடிக் கண்ணை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று டேப் ஒட்டி மறைத்திருந்தார்கள். அவள் டேப்பைப் பிய்த்தாள். மறுபடி ஒட்டினார்கள். மறுபடி பிய்த்தாள். நீ ரொம்பக் கோபப்படுற, கேர்ள், என்று சிரித்துக்கொண்டே மேனேஜர் அவளை வெளியே அனுப்பினார். கோபப்படாமல் வேறென்ன படுவது என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆகவே அப்பாவின் பழைய டிராக்டரைக் கொண்டே ஓடுகிற மாதிரி இதைச் செய்தாள். டிராக்டரின் பின்புறம் சுழலும் தண்டு எண்ணெய் பம்பைச் சுற்றும். எண்ணெயின் அழுத்தம் தள்ளுதண்டை ஓட்டும். தண்டின் முனையில் இருக்கும் கனத்த தகடு கட்டையை ஆப்பின் மேல் தள்ளிப் பிளக்கும். நீண்ட இரும்புப் பீமை அவளே வெல்டிங் செய்தாள். உருளையும் அதன் வால்வும் பண்டமாரானில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் கௌஸிடம் வாங்கியவை.

வால்வில் இருந்த பழைய கைப்பிடியின் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குப் பெயின்ட் தேய்ந்து பளபளவென்றிருந்தது. அது என்னவென்று அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. விறகுக் கிடங்குகளில் எல்லாரும் செய்வதுதான். கைப்பிடியை ஒருவர் அழுத்திப் பிடித்தால்தான் தண்டு ஓடும், விட்டால் நின்றுவிடும். அதற்கு ஒரு கை போய்விடுகிறதே என்று, சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டிக் கைப்பிடியை இழுத்துக் கட்டிவிடுவார்கள். அப்புறம் இயந்திரம் பாட்டுக்கு வந்து வந்து போகும், ஆள் இரண்டு கையாலும் கட்டை வைப்பான். வைக்கிறவரை வைப்பான்.

ஜோஆன் அந்தக் கைப்பிடியை அறுத்து எறிந்தாள். பீமின் ஆப்புப் பக்கக் கடைசியில், தோளகலத்துக்கு அதிகமாகவே இடைவெளி விட்டு, இரண்டு கைப்பிடிகள் வைத்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் தண்டு நகரும். ஒன்றை விட்டாலும் நின்றுவிடும்.

“ரெண்டு கையும் அங்க இருந்தா கட்டைய யாரு வைப்பா?” என்றார் லெஸ்லி.

“நீங்க. அதுக்குத்தான் ரெண்டு பேரு.”

காதுக்கு ஆகாது என்று அவருக்குக் காதுமூடியும் வாங்கி மாட்டிவிட்டாள். டிராக்டர் ஓடும்போது பேச்சு கேட்காது என்பதால் ஒரு சைகை வைத்துக்கொண்டார்கள். கோணல் கட்டை வந்தால் தகட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு முட்டுத் துண்டைச் சொருக வேண்டும், அதற்குக் கையை உள்ளே விட்டாக வேண்டும். அப்போது ஜோஆன் இடது கையைத் தலைக்கு மேல் தூக்குவாள். ஒரு கை மேலே இருந்தால் இயந்திரம் நகர முடியாது.

“என் கை மேல தெரிஞ்சா, உங்க கை உள்ள போலாம். புரியுதா ப்பா?”

“புரியுது, டீச்சர்.”

சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிக்கலாமே என்று அவர் ஆசைப்பட்டார். எண்ணெயில் தண்ணீர் கலந்தால் பம்பு போய்விடும் என்று அவள் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள். அவர் குருத்தோலைச் சிலுவை ஒன்றை மட்டும் டிராக்டரின் ஸ்டீரிங்கில் செருகிவைத்தார்.

தண்டு ஒரு சாண் நீண்டிருந்ததை அன்று அவள் அப்பாவிடம் சொல்லவில்லை.

அடுத்த காலை தண்டு முழுக்க வெளியே வந்து ஆப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடது கைப்பிடி கீழே இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. கறுப்பு டியூப் கீற்று.

அவளுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. லெஸ்லி அடுப்படியில் மைலோ கலக்கிக்கொண்டிருந்தார். கீற்றை வெட்டிக் கொண்டுபோய் மேசைமேல் போட்டாள். இதற்காகவா நான் அந்த வேலையை இழந்துவிட்டு வந்தேன் என்று கத்தினாள். அவர் கீற்றையும் பார்த்தார், மகளையும் பார்த்தார். தாம் கொட்டகைப் பக்கமே போகவில்லை என்றார். பொய் சொல்லும்போது லெஸ்லி காதைச் சொறிவார். இப்போது சொறியவில்லை.

“இடது பக்கம் மட்டும் ஏன்மா கட்டணும்? நான் கட்டுனா ரெண்டையும்தானே கட்டுவேன்?” என்றார்.

அது நியாயமான கேள்வி. அவள் கீற்றை எடுத்துப் பார்த்தாள். முடிச்சின் ஒரு முனையில் ரப்பர் நசுங்கிச் சின்னச் சின்னக் குழிகள் வளைவாக விழுந்திருந்தன. எலி, என்று நினைத்தாள். குழிகள் எலிப் பல்லை விடப் பெரியவை. ஈரமாகவும் இருந்தன.

அன்று மாலை வேலை முடிந்ததும், டிராக்டரையும் பம்பையும் இணைக்கும் சுழல்தண்டைக் கழற்றி வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனாள். அது இல்லாமல் பம்பு சுற்றாது. பம்பு சுற்றாமல் எண்ணெய்க்கு அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லாமல் அந்தத் தண்டை உலகத்தில் எதுவும் நகர்த்த முடியாது. கிரீஸ் நாற்றத்தோடு அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டுப் படுத்தாள்.

மழை தகரக் கூரையில் விழுந்து ஓய்ந்தது. தவளைகள் கத்தின. பிறகு, தவளைகள் அத்தனையும் ஒரே சமயத்தில் நிறுத்திக்கொண்ட பின், கொட்டகைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. இன்ஜின் சத்தம் இல்லை. கட்டை பிளக்கும் சத்தம் மட்டும். முதலில் ஒரு முனகல், நார்கள் ஒவ்வொன்றாக இழுபட்டு அறுகிற நீண்ட முனகல். அப்புறம் ஒரு வெடிப்பு. அப்புறம் யாரோ இரண்டு பாதிகளையும் எடுத்துப் புரட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு மெல்லிய உரசல். மறுபடி முனகல்.

பக்கத்து அறையில் லெஸ்லி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவள் அந்தக் குறட்டையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை கிடந்தாள்.

காலையில் கொட்டகைத் தரை வெள்ளையாக இருந்தது. வைத்திருந்த கட்டைகளில் பாதி பிளக்கப்பட்டிருந்தன. விறகாக அல்ல. பிளந்ததைப் பிளந்து, அதையும் பிளந்து, விரல் தடிமனுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு குச்சியும் பிரித்துப் பரப்பப்பட்டிருந்தது. விற்கிறவன் யாரும் அப்படிப் பிளக்க மாட்டான். உள்ளே எதையோ தேடுகிறவன்தான் பிளப்பான்.

இடது கைப்பிடியில் புதிய கீற்று. சுழல்தண்டு அவள் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது.

லெஸ்லி அந்தக் குச்சிகளைக் காலால் ஒதுக்கினார். யாரோ பொறாமையில் வந்து நாசம் பண்ணியிருக்கிறார்கள் என்றார். நாளைக் காலை பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு ஒரு லோரி விறகு போயாக வேண்டும். கல்யாணச் சாப்பாட்டு ஆர்டர், தவறினால் கடைக்காரர் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார். ஜோஆன் கொட்டகையில் கிடந்த டியூப்களை எல்லாம் பொறுக்கினாள். மோட்டார் சைக்கிள் டியூப், தள்ளுவண்டி டியூப், லோரியில் சாமான் கட்டும் கீற்றுகள். ஒன்று விடாமல் கொளுத்தினாள். கறுப்புப் புகை செம்பனைக்கு மேல் போய் நின்றது. நான் வரும்வரை இயந்திரத்தைத் தொடக் கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு பண்டமாரானுக்குக் காரை எடுத்தாள்.

கௌஸ் கடையில் கழற்றிய இன்ஜின்கள் ஆளுயரத்துக்குக் கிடந்தன. அவளைக் கண்டதும் அவர் சிரித்தார்.

“என்னா தங்கச்சி, சிலிண்டர் லீக்கா? மாத்தித் தரேன் லா.”

“லீக் இல்லண்ணே. அது எங்கேர்ந்து வந்துச்சு?”

சிரிப்பு போனது. பழைய சாமான்தானே, யாருக்கு ஞாபகம், என்றார். அவள் நகரவில்லை. ஒரு வாடிக்கையாளர் வந்து போகும்வரை நின்றாள், இன்னொருவர் வந்து போகும்வரையும் நின்றாள். கடைசியில் கௌஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

டெங்கில் பக்கம் ஒரு விறகுக் கிடங்கு, இப்போது இல்லை. அங்கே நாகையா என்று ஒருவர் பிளக்கிற இயந்திரத்தில் நின்றார். இரண்டு ஆள் வேலையை ஒரே ஆள் செய்யட்டும் என்று கிடங்கு முதலாளியான தவுக்கே சொன்னதால் கைப்பிடியை டியூபால் கட்டிவிட்டுத்தான் தினமும் வேலை. ஒருநாள் இடது கை தகட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் போய்விட்டது. நாகையாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அதற்குள் யாரோ இயந்திரத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவி, பிளந்த விறகை வாரி லோரியில் போட்டு அனுப்பிவிட்டார்கள். கை கிடைக்கவில்லை.

“பாக்கப் போறவங்ககிட்டல்லாம் என் கை எங்கன்னு கேப்பாராம். கட்டையோட கட்டையா போயிருக்கும்னு தவுக்கே சொல்லியிருக்கான். எந்தக் கட்டைன்னு கேட்டாராம். வார்டுலயே போய்ட்டாரு.”

“இத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா வாங்கியிருப்பியா?”

அவள் கை ஓங்கவில்லை. அதற்கு நேரமில்லை. திரும்பும் வழியில், பிளாஸ்டிக் பையில் கயிறு கட்டித் தந்த ஐஸ் தேத்தாரே டீ மடியில் கசிந்தது. பாலத்துக்கு முன் நெரிசலில் நின்றபோது அதன் கயிற்றை இறுக்கிக் கட்டப் பார்த்தாள். இடது கை ஸ்டீரிங்கில் இருந்தது. வலது கை மட்டும். கயிற்றின் ஒரு முனையை வலது கை பிடித்தது. மறுமுனையைப் பிடிக்க வேறொன்றும் இல்லாமல், யோசிக்காமலே குனிந்து பற்களால் கவ்வினாள்.

வாயில் கயிற்றோடு அப்படியே இருந்தாள். பின்னால் லோரி ஹாரன் அடித்தது.

ஒற்றைக் கை உள்ளவனுக்கு ஒரு கைப்பிடியைக் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டுவதற்குப் பல் வேண்டும்.

அவள் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது; கடல் பக்கம் மேகம் கறுத்து வந்தது. கொட்டகையிலிருந்து டிராக்டர் சத்தம். ஓடினாள். சுழல்தண்டை அவள் அறையிலிருந்து எடுத்து மாட்டி, டிராக்டரைக் கிளப்பிவிட்டு, காதுமூடியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு லெஸ்லி காத்திருந்தார். தொடவில்லை, கிளப்பி மட்டும்தான் வைத்தேன் என்றார். காதைச் சொறிந்தார்.

இதை இப்போதே கழற்றப் போகிறேன், உருளையை ஆற்றில் போடப் போகிறேன், இது ஓர் ஆளின் கையைத் தின்றது, என்று அவள் சொன்னாள். நாகையாவைப் பற்றியும் சொன்னாள். லெஸ்லி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“பாவம் அந்த மனுசன். ஜெபம் பண்ணுவோம். ஆனா கடைக்கு விறகு?”

“வேணாம் ப்பா.”

“சரி. நீ நிக்கலன்னா நான் கோடாலிய எடுக்கறேன்.”

எடுப்பார். இந்த மங்கல் வெளிச்சத்தில், எழும்பாத தோளோடு, காலில் போட்டுக்கொள்வார். அவள் போய்ப் படுத்த பிறகு கயிற்றால் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றாலும் நிற்பார். அதைவிட இரண்டு கைப்பிடியிலும் தன் கைகள் இருப்பதே பாதுகாப்பு என்று அவளுக்குத் தோன்றியது. டியூப் ஒன்றுகூட இல்லை. அவளே கொளுத்தினாள். கைப்பிடிகளைத் தடவிப் பார்த்தாள். பீமுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

“இருக்கற கட்டை மட்டும். அப்புறம் கழட்டிருவேன்.”

“சரிங்க டீச்சர்.” அவர் காதுமூடியை ஏற்றிக்கொண்டார்.

கட்டைகள் ஒவ்வொன்றாகப் பிளந்தன. சுத்தமாக, நேராக. அவள் அழுத்தினாள், தண்டு போனது, விட்டாள், நின்றது. மழை தொடங்கி, கூரைத் தகரத்தின் இரைச்சலும் டிராக்டரின் இரைச்சலும் ஒன்றாகின. லெஸ்லி பாட்டு முணுமுணுப்பது வாயசைவில் தெரிந்தது. அந்த வாடை வந்தது. மஞ்சள் மருந்து. அவளுக்குப் பின்னாலிருந்து அல்ல. மிகப் பக்கத்திலிருந்து.

கடைசிக் கட்டை. குட்டை, கோணல், நடுவில் ஒரு முண்டு. லெஸ்லி அதைப் பீமில் வைத்தார். அவள் அழுத்தினாள்; தகடு நெருங்குமுன் அது ஒரு பக்கமாக உருண்டது. முட்டுத் துண்டு வைக்க வேண்டும். அவளைப் பார்த்தார்.

அவள் இடது கையைத் தூக்கினாள்.

தண்டு நிற்கவில்லை.

இடது கைப்பிடி மேலே எழவில்லை. அழுத்தியபடியே இருந்தது. அதன் ரப்பர் உறை நான்கு இடத்தில் உள்வாங்கியிருந்தது. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் குழிகள். கட்டைவிரல் குழி இருந்த பக்கம் தவறாக இருந்தது. இடது கைக்கு அப்படி வராது. அது வலது கை.

வலது கையை விட்டுவிடு. விட்டால் நிற்கும்.

விட முடியவில்லை.

குனிந்து பார்த்தாள். அவள் மணிக்கட்டைச் சுற்றிக் கறுப்புக் கீற்று. ஒரு சுற்று. இரண்டு. மணிக்கட்டோடு சேர்த்துக் கைப்பிடியையும். முடிச்சின் முனை காற்றில் நீண்டிருந்தது, விறைப்பாக, யாரோ கவ்வி இழுக்கிற மாதிரி. ரப்பரில் குழிகள் விழுந்தன. ஒவ்வொன்றாக. அவள் மணிக்கட்டின் மேல் வெதுவெதுப்பாக எச்சில் சொட்டியது.

இழுத்தாள். இறுகியது. டிராக்டரை அணைக்கும் குமிழ் அதன் ஸ்டீரிங் அருகே, குருத்தோலைச் சிலுவைக்குக் கீழே. அதிலிருந்து இங்கே ஒரு கயிறு இழுத்துவிட வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே நினைத்திருந்தாள். காலை நீட்டினாள். எட்டவில்லை.

அப்பா.

தன் குரல் தனக்கே கேட்கவில்லை. தகரம். மழை. இன்ஜின். அவர் காதில் அவள் மாட்டிவிட்ட காதுமூடி.

அப்பா. அப்பா.

தகடு மெதுவாக வந்தது. அது எப்போதும் மெதுவாகத்தான் வரும். நொடிக்கு எத்தனை விரல் நகரும் என்று அவள்தான் கணக்குப் போட்டாள். லெஸ்லி முட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு தகட்டுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். அது நகர்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. பார்க்க அவசியமில்லை. அவர் பார்த்தது மகளை மட்டும்தான்.

ஜோஆன் இடது கையை வீசினாள். தலைக்கு மேலே. இன்னும் மேலே. ஐந்து விரலும் விரிய, தோள் கழன்றுவிடும்போல, மழை வெளிச்சத்தில் அவருக்கு நன்றாகத் தெரியும்படி வீசினாள்.

லெஸ்லிக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் சிரித்துத் தலையாட்டினார். புரியுது, டீச்சர், என்று வாய் அசைந்தது.

பிறகு தம் இடது கையை, மணிக்கட்டுக்கு மேல் வரைக்கும், உள்ளே விட்டார்.